மூன்றாம் ஓலைக்கு முன்னால்

அன்னூர்,
செவ்வாய்க்கிழமை.

உனக்கு எழுதும்போதெல்லாம் 'கண்ணு' என்று போட்டுத்தான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அந்தச் சொல்லை எழுதப் போனால் கை கூசுகிறது. அதனால் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, கை கழுவின ஈரம் காய்வதற்குள் ஒன்று சொன்னாயே, அதற்குத்தான் இது பதில். "பொண்ணு ஊட்டுக்காரங்க வரப் போக இருப்பாங்கம்மா. அதுக்குள்ள ஈஸ்வரிக்காவ வேற எங்காச்சும் அனுப்பிச்சுடுங்க. இல்லீன்னா பேச்சு வருமுங்க" என்றாய். அவள் அப்போது சமையல்கட்டில் உன் எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் சமையல்கட்டுக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான் இருக்கிறது என்பது இங்கேயே வளர்ந்த உனக்குத் தெரியாததா? அவள் தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டாள். நீ ஏப்பம் விட்டுவிட்டுப் பஸ் ஏறப் போனாய்.

உன் கல்யாண ஓலை நம் சர்ச்சில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது. ஆயர் உன் பெயரையும் காரமடைப் பெண்ணின் பெயரையும் படித்துவிட்டு, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருப்பது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா நிற்பார். அந்த இடைவெளியில் யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. யாராவது இருமினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்ததையே உனக்கு ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. நீ அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறாய்.

பிள்ளைகள் தப்பு செய்தால் பெற்றவர்கள், எல்லாம் என் வளர்ப்பு சரியில்லாததால்தான் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதுவார்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. உனக்கு இருபத்தேழு வயசு. பம்ப்செட் கம்பெனியில் உனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். நீ செய்ததை நீயே சுமந்துகொள். என் தலையில் பாதியை ஏற்றி உன் பாரத்தைக் குறைக்க எனக்கு மனசில்லை.

ஈஸ்வரி நம் வீட்டுக்கு முதலில் ஜாக்கெட் தைக்க வந்தவள்தான். ஊருக்கு மேற்கே தோட்டத்துக்காரக் குடும்பம், வாழையும் கிணறும் மாடுமாக வசதியான இடம். ஒரு பெண் குழந்தை, கார்த்திகா. தோளுக்கு அளவெடுக்க டேப்பை வைத்தால் அவள் உடம்பு நடுங்கும். "என்ன அம்மணி, காய்ச்சலா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்கக்கா" என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை தைத்த துணியை வாங்க வந்தவள், உள்ளே ஜெபக்கூட்டத்துப் பாட்டுச் சத்தம் கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கடைசியாக உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் வந்தாள். நெற்றியில் திருநீறோடு வருவாள், திருநீறோடு போவாள். அவளை மாற்ற வேண்டும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. எங்காவது கொஞ்ச நேரம் உட்கார இடம் தேடுகிறாள் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

நம் வீட்டுக் கூட்டத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்போம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த இரைச்சல்தான் எங்களுக்கு மறைப்பு. பக்கத்தில் இருப்பவள் சொல்வது பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது. புருஷன் கைநீட்டியது, மருமகள் மூஞ்சியைத் திருப்பியது, யாரிடமும் சொல்ல முடியாத எல்லாவற்றையும் அந்தச் சத்தத்துக்குள் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். நான் 'ஸ்தோத்திரம்' என்று குரல் கொடுத்தால் எல்லோரும் நிறுத்துவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் நிறுத்தினார்கள். ஈஸ்வரிக்கு மட்டும் அந்த வழக்கம் இன்னும் பிடிபடவில்லை. கண்ணை இறுக்கி மூடி, முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அடங்கிப்போன அறையில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "பொட்டப்புள்ளைன்னு ஸ்கேன்ல சொல்லிப்போட்டாங்க சாமி. எல்லாரும் சேந்து சொன்னாங்க, நானும் சரீன்னு போய்ப் படுத்துட்டேன். கலைச்சுப்போட்டேன் சாமி. அந்தப் புள்ள மூஞ்சி எப்படி இருக்கும்னே தெரியாம எனக்குத் தூக்கம் வர்றதில்லீங்க சாமி."

அப்புறம் கண்ணைத் திறந்தாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்த்தாள். நான் சட்டென்று ஒரு பாட்டை ஆரம்பித்தேன், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்திகூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, என்னிடம்கூட. ஊர்வம்பு பேசாமல் சோறு இறங்காதவர்கள் அதில் இரண்டு மூன்று பேர் உண்டு, அவர்களும் பேசவில்லை. நீ லீவுக்கு வந்திருந்தாய், பாட்டுக்கு வாசிக்கக் கஞ்சிராவை வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாய். உன் முகம் மாறியதை நான் கவனித்தேன். இரக்கம் என்று நினைத்தேன்.

நீ போய்ச் சேர்ந்த ஊழியக் கூட்டத்தை நடத்துகிற உங்கள் பிரதர் இந்த ஊருக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். கூம்பு ஸ்பீக்கர் கட்டிய வேன், தட்டிகள், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட்ட பையன்கள். முதலில் காலைக் காட்சிப் படங்களின் போஸ்டர் மேல் தார் பூசினீர்கள். நல்லதுதான் என்றிருந்தேன், அந்தக் கண்ராவியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடப் பெண்கள் போக வேண்டியிருந்தது. பிறகு பிராந்திக் கடை. பிறகு தியேட்டர் வாசல். படம் விட்டு வந்த ஆட்கள் துண்டாலும் பேப்பராலும் முகத்தை மூடிக்கொண்டு ஓடியதை நீ இங்கே வந்து நடித்துக் காட்டினாய். உன் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தர், வயசானவர், வேட்டி தடுக்கிச் சாக்கடையோரம் விழுந்ததையும் நடித்துக் காட்டினாய். அவர் திருந்தினாரா என்று கேட்டேன். "அது ஆண்டவர் வேலைம்மா, எங்க வேலை எச்சரிக்கறதுதானுங்க" என்றாய். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மெயின் ரோட்டில் புதிதாக வந்த அந்த ஸ்கேன் ஆஸ்பத்திரி முன்னால் நிற்கப் போகிறோம் என்றபோது நானும் கிளம்பி வந்தேன். அங்கே நடந்தது அக்கிரமம் என்பதில் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. என்ன குழந்தை என்று பார்த்துச் சொல்வதும், பெண் என்றால் கழுவித் துடைத்து அனுப்புவதும் ஊருக்கே தெரிந்த ரகசியமாக இருந்தது. போகிற வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கைப்பிரதிக் கட்டோடு நான் வேப்பமரத்தடியில் நின்றேன். உங்கள் தட்டியில் சிவப்பு மையில் 'அருவருப்பு' என்று பெரிதாக எழுதியிருந்தது. டாக்டரின் கார் பின்கேட் வழியாக உள்ளே போனது. கம்பவுண்டர் வெளியே வந்து, "ஏனுங்க, இந்த வெயில்ல கத்திக் கத்தித் தொண்டை காஞ்சிருக்குமுங்க, தண்ணி குடிங்க" என்று ஒரு சொம்பை நீட்டினான். உங்கள் பிரதர் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக் குடித்தார். யாரை எதிர்த்து நின்றீர்களோ அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, திரும்பி நின்று, வேறு யாரைத் திட்டலாம் என்று தேடினீர்கள்.

கூட்டம் நிற்கவில்லை. இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பிரதர், "சாட்சி இல்லாம ஜனங்க நிக்க மாட்டாங்க, யாராவது மனந்திரும்புன கதை ஒண்ணைச் சாட்சியாச் சொல்லுங்க" என்று மைக்கை உன் கையில் கொடுத்தார். நீ சுற்றிலும் பார்த்தாய். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் ஈஸ்வரி, ஒரு கையில் ஒயர்கூடை, ஒரு கையில் கார்த்திகா, டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். உன்னைப் பார்த்துச் சிரித்தாள். நம்ம அக்கா பையன் மைக்கில் பேசுகிறானே என்கிற சிரிப்பு அது. நீ மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாய். "ஏனுங்க ஈஸ்வரிக்கா, கொஞ்சம் இங்க வாங்க. அதோ பாருங்க, பச்சைச் சேலைக்காரங்க, பாப்பாவக் கையில புடிச்சுட்டு நிக்கறாங்களே, அவங்கதான். மேக்கால தோட்டத்துக்காரங்க. இதே ஆஸ்பத்திரிலதானுங்க இன்னொரு பாப்பாவப் பறி குடுத்தாங்க. இன்னைக்கு மனசு திரும்பி அழுகறாங்க. வாங்கக்கா, வெக்கப்படாதீங்க, நாலு பேருக்கு நல்லதுங்க" என்றாய்.

அத்தனை கழுத்தும் திரும்பியதை நான் பார்த்தேன். டீக்கடையில் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே நின்றார்கள். நின்றிருந்த பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் தலைகள் வந்தன. ஈஸ்வரியின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. கார்த்திகாவுக்கு ஒரே குஷி. அம்மாவை மைக்கில் கூப்பிடுகிறார்கள் என்று அவள் கையைப் பிடித்து உன் பக்கம் இழுத்தது. ஈஸ்வரி நகரவில்லை. நீ விடவில்லை, இன்னொரு தடவையும் கூப்பிட்டாய், அதே பணிவோடு, ஒரு 'ங்க' குறையாமல். நான் கைப்பிரதிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். பின்வாசலில் போய் வாந்தி எடுத்தேன். உங்கள் தட்டியில் இருந்த சொல்லை வேதத்தில் எத்தனையோ வருஷமாகப் படித்திருக்கிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்று என் குடல் சொன்னது அன்றைக்குத்தான்.

பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டுக்காரர் மொபெட்டில் வந்தார். முன்னால் ஒரு சூட்கேஸ் இருந்தது. அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனதும் இதே வண்டியில்தான். திட்டவில்லை, அடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊட்டு விசயத்த ரோட்டுல போட்டவள ஊட்டுக்குள்ள வெச்சுக்க முடியாதுங்க. நாங்க நாலு பேரு மூஞ்சில முழிக்க வேண்டாமுங்களா? பாப்பா எங்கம்மாகிட்ட இருக்கட்டுங்க" என்று சூட்கேஸை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையை வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு போனார். கலைத்ததற்காக அவளை யாரும் தள்ளிவைக்கவில்லை. கலைக்கச் சொன்னதே அவர்கள்தானே. வெளியில் சொல்லிவிட்டாள் என்பதுதான் குற்றம். அதை அவள் சொல்லவே இல்லை என்பது உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும்.

மறுநாள் நான் தோட்டத்துக்குப் போனேன். "அவ யாருகிட்டயும் சொல்லலீங்க. சாமிகிட்டச் சொல்லிட்டிருந்தா. எம்பையன் காதுல உழுந்துருச்சுங்க" என்றேன். அவரும் அவர் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாதான் பேசினார். "சாமிகிட்டச் சொன்னதுக்கு நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டமுங்க. நானும் மாரியாத்தாகிட்ட எல்லாத்தையுந்தான் சொல்றேன். ஆனா நீங்க அவளுக்கு வேண்டியவங்க, அப்படித்தான் பேசுவீங்க. மைக்குல பேசுனவரு வந்து, அவ எங்கிட்டச் சொல்லலீங்க, நானாக் காதுல வாங்கிப் பேசிப்போட்டேனுங்கன்னு எங்க வாசல்ல ஒரு வார்த்தை சொல்லட்டுங்க. நாங்க அவளக் கூட்டிக்கறோம்" என்றார். அந்த வீட்டின் மேல் எனக்கு மரியாதை ஒன்றும் கிடையாது. அவர்கள் செய்ததை நினைத்தால் அந்த வாசலில் நிற்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அவள் குழந்தை அங்கே இருக்கிறது. அவள் போக விரும்புவதும் அங்கேதான். ஒரே ஒரு வார்த்தைக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது, அந்த வார்த்தை உன் வாயில் இருக்கிறது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் கம்பெனிக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "நான் சொன்னது பொய்யாம்மா?" என்று கேட்டாய். "பிரதர்கிட்டக் கேட்டேனுங்க. சத்தியத்தச் சொல்லிட்டு அப்பறம் போய்த் தலை குனியக் கூடாதுங்கறார்" என்றாய். வெயில் காலம் போய் மழையும் வந்து போயாயிற்று. நீ இன்னும் போகவில்லை. அதற்குள் உங்கள் வேன் மேட்டுப்பாளையம், அவிநாசி என்று வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. ஸ்கேன் ஆஸ்பத்திரிக்கு மேலே இன்னொரு மாடி கட்டுகிறார்கள்.

பொய்யா என்று கேட்டாயே, அதற்குப் பதிலாக உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அப்பா சந்தையில் நின்று பிரசங்கம் பண்ணினவர் என்று நீ மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறாய். மில் வேலை விட்டு வந்து, கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு, மாடு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். யாரையும் பாவி என்று சொன்னதில்லை. தான் குடித்தது, கடன் வாங்கி ஏமாற்றியது, சாக்கடையில் கிடந்தது என்று தன் கதையைத்தான் வாரா வாரம் சொல்வார். பக்கத்தில் கடலை விற்கிற ஆள், "ஏனுங்க, உங்க பாவமெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆயிருச்சுங்க. நீங்க தொண்டைக்கு ஓய்வு குடுங்க, இன்னைக்கு நான் சொல்றேன்" என்று கேலி பண்ணுவான். உன் அப்பாவும் சிரித்துக்கொண்டு, "சொல்லுங்க, விட்டுப் போனத நான் சேத்துக்கறேன்" என்பார். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது இனிமேல்தான்.

நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு சந்தை நாள் நான் தக்காளி வாங்கப் போனேன். அன்றைக்கு அவர், "பொண்டாட்டிய வெறகுக் கட்டையால அடிச்சவனுங்க நானு. முதுகுல தழும்பு இன்னம் இருக்குதுங்க" என்று கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் உச்சுக் கொட்டியது. அப்புறம் என்னைப் பார்த்தது. நான் தக்காளி வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அடிச்சது நீங்க, வாங்குனது நானு. சந்தையில சொல்லட்டுமான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அவர் திகைத்துப் போய், "எம்பாவத்தத்தானே சொன்னேன் புள்ள?" என்றார். "பாவம் உங்களுதுங்க. முதுகு என்னுதுங்க" என்றேன். அடுத்த சந்தையிலிருந்து அவர் தன் கதையில் அந்தப் பகுதியைச் சொல்வதை விட்டுவிட்டார். கடலைக்காரன்கூடக் கேட்டானாம், "அந்த வெறகுக்கட்டைச் சமாச்சாரத்தக் காணோமுங்களே, அதுக்குத்தான் கூட்டம் நிக்கும்" என்று. "அது எனக்குச் சொந்தமில்லீங்க" என்று சொன்னாராம். அவர் ஒன்றும் மகான் இல்லை. அடித்தவர்தான், தழும்பு இப்போதும் இருக்கிறது. ஆனாலும் சொன்னது புரிந்தது அவருக்கு. அவர் பிள்ளை என்று மார்தட்டுகிற உனக்கு அது புரியவில்லை.

நீ சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்குச் சகிக்கவில்லை. இதையும் யோசித்துப் பார். அந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ குடும்பம் போய் வந்திருக்கிறது. நம் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவர்களும் போயிருக்கலாம். அவர்கள் யார் பெயரும் உனக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் யாரும் அழவில்லை. தப்புச் செய்து நிம்மதியாகத் தூங்குகிறவர்களை உன் மைக்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தூங்க முடியாமல் கடவுளிடம் வந்தவள் ஒருத்திதான் உன் கையில் சிக்கினாள். நீ அவளைப் பிடித்து ஊருக்குக் காட்டினாய். இனிமேல் இந்த ஊரில் எவளாவது வாய்விட்டு ஜெபிப்பாளா? எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது எல்லோரும் மனசுக்குள்ளேயே ஜெபிக்கிறார்கள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. உன் ஊழியத்தால் இந்த ஊரில் ஏற்பட்ட ஒரே மாற்றம் அதுதான்.

இப்போது ஓலைக்கு வருகிறேன். உன் மனைவியாக வரப் போகிறவளின் கல்யாண ஜாக்கெட் என் மெஷினில்தான் இருக்கிறது. ஓரம் மடித்துத் தைத்ததும் கொக்கி வைப்பதும் ஈஸ்வரியின் கைதான். நீ வந்து போன மறுநாள் அதைத் தைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அக்கா, ஞாயித்துக்கெழம ஆயரு கேப்பாரில்லீங்க, அப்ப எந்திரிச்சு நில்லுங்க. அவரு எனக்குப் பண்ணுனத அங்க சொல்லுங்க. அவரையும் எல்லாரும் திரும்பிப் பாக்கட்டுங்க" என்றாள். அதற்கு முன்னால் அவள் என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. கேட்டது நியாயம்தான். நான் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தேன் என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. காரமடையிலிருந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டார், வெள்ளைச் சட்டை போட்ட உன் கூட்டாளிகள், எல்லோர் கழுத்தும் உன் பக்கம் திரும்புவதை நினைத்தபோது ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. அது இனித்ததும் எனக்கு என்னையே பிடிக்காமல் போயிற்று. உனக்கும் அன்றைக்கு இப்படித்தான் இனித்திருக்கும்.

முடியாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "உங்க பையன்னா மட்டும் வாய் அடைச்சுக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொக்கி தைக்கிறாள். அவள் எந்த ஊருக்கும் போகமாட்டாள், நான் அனுப்பவும் மாட்டேன். உன் சம்பந்தி வீட்டாருக்குக் காப்பி கொடுக்கிறபோதும் அவள் இந்த வீட்டில்தான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வர ஒப்புக்கொண்டால் பெண்கள் பக்கம் என்னோடு உட்காருவாள். ஆயர் கேட்பார். நான் எழுந்திருக்க மாட்டேன். சர்ச்சில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீ பயப்படாமல் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். நீ மைக்கில் சொன்னதற்குப் பதிலை நான் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டின உறைக்குள் போட்டு, உன் ரூம் நண்பர்கள் பிரிக்காதபடி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை உனக்கு அரைநாள் லீவு. அந்தத் தோட்டத்துக்குப் போ. வேன் வேண்டாம், பிரதர் வேண்டாம், கையில் வேதப் புத்தகமும் வேண்டாம். வாசலில் நின்று 'ஏனுங்க' என்று கூப்பிட உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் கார்த்திகாதான் ஓடி வரும். போன வாரம் நான் போனபோதும் அதுதான் ஓடி வந்தது. தலை பின்னாமல், எண்ணெய் இல்லாமல், மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு, பெரியவர்களுக்குக் கேட்காமல் மெதுவாக ஒன்று கேட்டது. அன்றைக்கு அதன் அம்மா ரோட்டில் நகராமல் நின்றது இன்னும் அதன் மனசில் இருக்கிறது.

"பெரிம்மா, அந்த மைக்கு மாமா கூப்புட்டப்பவே எங்கம்மா போயிருந்தா, அப்பா எங்கம்மாவ ஊட்டுல வெச்சிருந்திருப்பாருங்களா? நான் இழுத்தேனுங்க. அவங்கதான் வரலீங்க."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீ நன்றாகப் பேசுவாய். போய் அதற்குச் சொல்.

அம்மா